வடிக்கத் தெரியும், வைத்திருக்கத் தெரியாது

காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் சமையலறையில் யாரோ தொண்டையில் தண்ணீரை வைத்துக் கொப்பளிப்பது போல ஒரு சத்தம் வரும். கர்ர்... புஸ்... கர்ர். புதிதாக வந்து தங்குகிறவர்கள் முதல் நாள் பதறி எழுந்துவிடுவார்கள். நான் மறுபக்கம் திரும்பிப் படுப்பேன். தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது, காபி இறங்கி முடியப்போகிறது, இன்னும் இரண்டு நிமிடம் போர்வைக்குள் இருக்கலாம் என்பதுதான் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம்.

இந்த டிரிப் காபி மெஷினோடு குடித்தனம் நடத்தி நான்கு வருடம் ஆகிறது. 900 வாட், கண்ணாடி ஜாடி, அடியில் ஒரு சூட்டுத் தட்டு, மேலே மூடியைத் திறந்தால் ஃபில்டர் பேப்பர் வைக்கும் கூடை, முகப்பில் ஒரு டைமர். கம்பெனிப் பெயர் வேண்டாம். இந்த அமைப்பில் வருகிற மெஷின்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே வார்ப்புதான், அதனால் இங்கே நான் புகழ்வதும் திட்டுவதும் உங்கள் மெஷினுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதல் ஏமாற்றத்திலிருந்து தொடங்குகிறேன். பெட்டியின் மேல் '10 கப்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வீட்டில் காபி குடிக்கிறவர்கள் நான், அவர், என் அம்மா என மூன்றே பேர். பத்து கப் என்றால் அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கலாம் என்று நினைத்தேன். தொட்டியை நிரப்பிப் பார்த்தால் 1.25 லிட்டர். பத்தால் வகுத்துப் பாருங்கள், ஒரு கப்புக்கு 125 மில்லி. என் குவளை 300 மில்லி பிடிக்கும். அந்தக் கப் யாருடைய கப் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்கள் வீட்டுக் கணக்கில் இது நான்கு கப் மெஷின். அதையும் விளிம்புவரை நிரப்பினால்தான்.

சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியாது. கையேட்டில் 'கப்புக்கு ஒரு ஸ்பூன்' என்று எழுதியிருக்கும். எந்த ஸ்பூன், குவித்தா தலைதட்டியா, ஒன்றும் கிடையாது. முதல் ஒரு மாதம் நாங்கள் குடித்தது காபி கழுவின தண்ணீர். கடைசியில் சமையல் தராசை எடுத்து வைத்தேன். காபித் துறையில் பொதுவாகச் சொல்லும் அளவு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 55 முதல் 60 கிராம் தூள். 60 போட்ட அன்றுதான் இந்த மெஷினுக்குள் ஒரு நல்ல காபி ஒளிந்திருந்தது தெரிந்தது. உங்களிடம் மெஷின் இருந்து தராசு இல்லை என்றால், அதிக விலையுள்ள மெஷினுக்கு மாறுவதற்கு முன்னால் தராசு வாங்குங்கள்.

இன்னொன்று. ஒரு லிட்டர் ஊற்றினால் ஒரு லிட்டர் வராது. தூள் தன் எடையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். 60 கிராம் தூள் போட்டால் 120 மில்லி போய்விடும். இது தெரியாமல் முதல் வாரம் மெஷினைத் தூக்கித் தூக்கி, அடியில் ஒழுகுகிறதா என்று துணியால் ஒற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, திட்டியது போதும், கொஞ்சம் கொஞ்சலாம். இதன் பெரிய சுகம் ருசி இல்லை, டைமர். நான் வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்க்கிற வேலை செய்கிறேன். பொழுது விடிவதற்குள் இருபது பக்கம் தள்ளிவிட்டால் அந்த நாள் என் கையில் இருக்கும். அந்த நேரத்தில் அடுப்பின் முன்னால் நின்று, பொங்குகிறதா வழிகிறதா என்று காவல் காக்கிற வேலை இதில் இல்லை. ராத்திரி படுக்கப் போகுமுன் தண்ணீர், பேப்பர், தூள் எல்லாம் வைத்துவிட்டால் காலையில் கண் திறப்பதற்குள் வாசனை வந்து எழுப்பும். ராத்திரியே அரைத்து வைக்கிற தூளில் மணம் கொஞ்சம் போய்விடும் என்பது உண்மைதான். காலையில் அரைத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்பதும் உண்மைதான். ஐந்தே முக்காலுக்குக் காபி அரைக்கிற மெஷினைப் போட்டு வீட்டையே எழுப்பிவிட்டு அந்த மணத்தை யாரோடு அனுபவிப்பது?

இரண்டாம் வருடம் மெஷின் மந்தமாகிவிட்டது. ஆறரை நிமிடத்தில் முடிக்க வேண்டியது பதினொன்று, பன்னிரண்டு என்று இழுத்தது. சத்தம் மட்டும் இரண்டு மடங்கு, ஆவியும் அதிகம். ஊரிலிருந்து வந்திருந்த தம்பி, மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு அதைத் தலைகீழாகக் கவிழ்த்து ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தான். பத்து நிமிடம் கழித்து ஒரு குரல்.

"அக்கா, இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையே! பம்பு இல்ல, மோட்டார் இல்ல. ஒரு குழாய்தான்."

உண்மையிலேயே அவ்வளவுதான். தொட்டியின் அடியிலிருந்து தண்ணீர் ஒரு வால்வைத் தாண்டி, குதிரை லாடம் போல வளைந்த ஓர் அலுமினியக் குழாய்க்குள் இறங்குகிறது. வால்வு ஒருவழிப் பாதை, போன தண்ணீர் திரும்பி வராது. குழாயோடு ஒட்டியே ஹீட்டர். தண்ணீர் கொதிக்கிற இடத்தில் ஆவிக் குமிழ்கள் கிளம்புகின்றன. பின்னால் வழி அடைபட்டிருப்பதால் அவை தண்ணீரை முன்னால் தள்ளிக்கொண்டு மேலே ஏறி, தூளின் தலையில் கொட்டுகின்றன. கொஞ்சம் போனதும் தொட்டியிலிருந்து அடுத்த வாய் தண்ணீர் இறங்குகிறது. தண்ணீர் தீர்ந்து வெறும் ஆவியும் மிச்சத் துளிகளும் போகும்போது வருகிற சத்தம்தான் என் காலை ஐந்தே முக்கால். அதே ஹீட்டரின் மறுபக்கம்தான் ஜாடி உட்காரும் சூட்டுத் தட்டு. ஒரே நெருப்பில் இரண்டு வேலை. 1954-ல் ஜெர்மனியில் காட்லோப் விட்மன் என்பவர் காப்புரிமை வாங்கிய 'விகோமாட்'தான் வீட்டுக்கான மின்சார டிரிப் மெஷின்களில் முதலாவது என்று சொல்கிறார்கள். 1972-ல் அமெரிக்காவில் 'மிஸ்டர் காபி' வந்து இதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது.

தம்பி பிறவியிலேயே கணக்குப் பைத்தியம். ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 93 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 285 கிலோஜூல் வேண்டும். 900 வாட் ஒரு துளி வீணாகாமல் போனாலே ஐந்தே கால் நிமிடம் ஆகிவிடும் என்று பேப்பரில் எழுதிக் காட்டினான். அதாவது ஆறரை நிமிடம் என்பது மெஷினின் சோம்பேறித்தனம் இல்லை, அதற்கு மேல் அதனால் ஓட முடியாது. நல்ல காலம், தூளும் தண்ணீரும் சேர்ந்திருக்க வேண்டிய நேரமும் கிட்டத்தட்ட அதுவேதான். நான்கிலிருந்து எட்டு நிமிடத்துக்குள் முடிந்தால் சரி.

பன்னிரண்டு நிமிடத்துக்குக் காரணம் குழாய்க்குள் படிந்திருந்த உப்பு. தண்ணீரில் இருக்கிற கால்சியம் சூட்டில் வெள்ளையாகச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. குழாய் குறுகுகிறது, சூடும் தண்ணீருக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. மருந்து சுலபம். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊற்றி, பாதி இறங்கியதும் அணைத்து அரை மணி நேரம் ஊறவிட்டு, மீதியை ஓடவிட வேண்டும். அப்புறம் வெறும் தண்ணீரில் இரண்டு தரம். வினிகரும் வேலை செய்யும், ஆனால் வாடை போவதற்குள் நமக்குக் காபி மேல் இருக்கும் ஆசையே போய்விடும். இப்போது நிமிடக் கணக்கைத்தான் பார்க்கிறேன். எட்டைத் தாண்டினால் சிட்ரிக் ஆசிட்.

இந்தத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. கையை விட்டுக் கழுவ முடியாத அளவுக்குக் குறுகலாக, கழற்றவும் முடியாதபடி எதற்காக இதைச் செய்தார்கள்? உள்ளே வழவழப்பு வந்தாலும் தெரியாது. புதிதாக வாங்குகிறவர்கள் கழற்றி எடுக்கிற தொட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

ருசிக்கு வருவோம். காபி இறங்கத் தண்ணீர் 92-லிருந்து 96 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். வெப்பமானியைக் கூடைக்குள் விட்டுப் பார்த்தேன். என் மெஷின் முதல் ஒரு நிமிடம் 80-ஐ ஒட்டித்தான் சொட்டுகிறது, நடுவில்தான் 93-ஐத் தொடுகிறது. சூடு ஏறுவதற்கு முன்னால் வருகிற தண்ணீர் தூளிலிருந்து எல்லாவற்றையும் எடுக்காது. புளிப்பு தூக்கலாக, மெலிசாக இருக்கும். இதைச் சமாளிக்க ஒரு திருட்டு வேலை கண்டுபிடித்திருக்கிறேன். முதல் தண்ணீர் விழுந்து தூள் நனைந்ததும் ஸ்விட்சை அணைத்துவிடுவேன். புதிதாக வறுத்த தூள் என்றால் கரியமில வாயு வெளியேறிப் புசுபுசுவென்று உப்பும். அரை நிமிடம் விட்டு, ஒரு ஸ்பூனால் லேசாகக் கிளறி, மறுபடி போடுவேன். குழாய் சூடாகவே இருப்பதால் அடுத்து வருகிற தண்ணீரும் சூடாக வரும். கிளறாவிட்டால் நடுவில் பள்ளம், ஓரத்தில் காய்ந்த தூள். இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் காபிக்கு. டைமர் காபிக்கு அந்த யோகம் இல்லை.

அடுத்த சிக்கல் மெஷினில் இல்லை, என் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. ஜாடியை நடுவில் எடுத்தாலும் சொட்டு நிற்கும்படி கூடையின் அடியில் ஒரு சின்ன வால்வு உண்டு. அவரைப் பொறுத்தவரை அது கொள்ளையடிக்கக் கொடுத்த உரிமம். பாதி இறங்கும்போதே ஜாடியை உருவித் தன் குவளையை நிரப்பிக்கொள்வார். முதலில் இறங்குவது அடர்த்தியான காபி, கடைசியில் இறங்குவது வெளுத்த தண்ணீர். அவர் சாரத்தை எடுத்துக்கொண்டு போனபிறகு எனக்கும் அம்மாவுக்கும் மிஞ்சுவது சக்கை.

"ஏங்க, இன்னும் மூணு நிமிஷம்தானே, பொறுங்களேன்!"

"நீதான் கெட்டியா வேண்டாம்பியே" என்பார் கூசாமல்.

யாரும் திருடாத நாளிலும் ஜாடிக்குள் அடர்த்தி ஒரே சீராக இருக்காது. அடியில் கெட்டி, மேலே நீர்த்தது. ஊற்றுமுன் ஜாடியை ஒரு சுழற்றுச் சுழற்றுங்கள், அல்லது ஸ்பூனால் கலக்குங்கள். இரண்டு நொடி வேலை. இதைச் செய்யாமல் 'மெஷின் காபி ஒருநாள் போல ஒருநாள் இல்லை' என்று குறை சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன்.

இனி உண்மையான எதிரி. அந்தச் சூட்டுத் தட்டு.

இந்த மெஷினுக்குக் காபி வடிக்கத் தெரியும், வைத்திருக்கத் தெரியாது. இறங்கி முடிந்த நிமிடத்தில் இருக்கிற காபியும் நாற்பது நிமிடம் தட்டின் மேல் இருந்த காபியும் ஒரே தூளில் பிறந்தவை என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. மணம் ஆவியோடு போகிறது. சூட்டில் காபியின் அமிலங்கள் உடைந்து நாக்கின் பக்கவாட்டில் உறைக்கிற ஒரு புளிப்பும் கசப்பும் வருகின்றன. தண்ணீர் வற்றி மேலும் கெட்டியாகிறது. ஜாடியின் அடியில் ஒரு விரற்கடைதான் மிச்சம் என்றால் நிலைமை இன்னும் மோசம். அது காபி இல்லை, கஷாயம். என் மெஷினில் தட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் தானாக அணையும். இரண்டு மணி நேரம்! அந்த நேரத்தில் அதைக் குடிக்க நினைக்கிறவருக்காகவா, அல்லது தண்டிக்க வேண்டியவருக்காகவா இந்த வசதி?

அம்மா ஒருநாள் எட்டு மணிக்கு எழுந்து அந்த மிச்சத்தைக் குடித்துவிட்டு, "ஏன்டி, இதுக்காடி இம்புட்டு மெஷினு?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து, சத்தம் அடங்கியதும் எழுந்து போய்க் காபியை ஃபிளாஸ்கில் ஊற்றி மூடிவிட்டு மெஷினை அணைத்துவிடுகிறேன். ஃபிளாஸ்கை முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் உள்சுவரே பாதிச் சூட்டைத் தின்றுவிடும். அம்மாவுக்கு எட்டு மணிக்கும் நல்ல காபி கிடைக்கிறது. ஆனால் டைமர் வைத்துப் படுத்த சுகம் எங்கே போயிற்று? தட்டு இல்லாமல், ஃபிளாஸ்க் போலச் சூட்டைக் காக்கிற ஸ்டீல் ஜாடியோடு வருகிற மெஷின்கள் இருக்கின்றன. இன்று வாங்குவதானால் அதைத்தான் வாங்குவேன்.

ஒரு ஜாடிக் காபிக்காக மனிதர்கள் என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள்! கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் 'ட்ரோஜன் ரூம்' என்ற அறைக்கு வெளியே ஒரு டிரிப் மெஷின் இருந்தது. மாடி ஏறிப் போய்க் காலி ஜாடியைப் பார்த்துத் திரும்புவது அலுத்துப்போனவர்கள் 1991-ல் அதன் எதிரே ஒரு கேமராவை வைத்து, ஜாடியில் காபி இருக்கிறதா என்று தங்கள் கணினியிலேயே பார்த்துக்கொண்டார்கள். 1993-ல் அது இணையத்தில் ஏறி உலகமே பார்த்தது. வெப்கேம்களின் கொள்ளுப்பாட்டி அதுதான். 2001-ல் கேமராவை நிறுத்தியபோது, கடைசியாக அங்கிருந்த மெஷினை ஒரு ஜெர்மானியப் பத்திரிகை ஏலத்தில் எடுத்தது. காபி இருக்கிறதா என்று கேமரா சொன்னது, நல்லது. எவ்வளவு நேரமாக இருக்கிறது என்று வாசனை பிடிப்பதற்கு என்ன செய்தார்களோ.

ஃபில்டர் பேப்பரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். 1908-ல் டிரெஸ்டனில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற பெண்மணி, மகனின் நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து, ஆணியால் துளையிட்ட பித்தளைப் பாத்திரத்தில் போட்டு வடித்ததில் தொடங்கியது. கசடு இல்லாத காபி அந்த அம்மாவின் புண்ணியம். எங்கள் வீட்டில் இன்னொரு லாபம்: அவருக்குக் கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூடுதல். வடிகட்டாத காபியில் இருக்கிற கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப்பொருள் கொலஸ்ட்ராலை ஏற்றக்கூடியது. பேப்பர் அதில் பெரும்பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. தொந்தரவு என்னவென்றால் பேப்பர் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் தீரும். ஒருமுறை அவரை வாங்கிவர அனுப்பினேன். எங்கள் கூடைக்கு 4-ஆம் எண் கூம்புப் பேப்பர் வேண்டும். அவர் கொண்டுவந்தது தட்டையடிக் கூடைக்கானது. வெட்டி மடித்துச் சமாளிக்கப் பார்த்தேன். பாதியில் சரிந்து விழுந்து, தூளெல்லாம் ஜாடிக்குள் குளித்தது.

அப்புறம் சொட்டு. ஜாடியிலிருந்து ஊற்றும்போது கடைசியில் ஒரு கோடு மூக்கின் அடியில் வழிந்து மேஜையில் இறங்கும். நான்கு வருடம், தினமும் மூன்று தரம். மெதுவாக ஊற்றினால் திரவம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக வழிவதற்கு இயற்பியலில் 'தேநீர்க் கெண்டி விளைவு' என்றே ஒரு பெயர் இருக்கிறதாம். கொஞ்சம் தைரியமாக, வேகமாகச் சாய்த்தால் வழியாது. ஆனால் வேகமாகச் சாய்த்தால் மூடிக்குள் தேங்கிய நீராவித் தண்ணீர் தனியாகக் கொட்டும். எந்தப் பக்கம் போனாலும் இடி. ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு துணி நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

போன மாதம் அந்த ஜாடி உடைந்தது. கழுவும்போது குழாய்முனையில் லேசாக இடித்துவிட்டேன், அவ்வளவுதான். மெஷின் கல்லு மாதிரி இருக்கிறது, ஜாடி போனதால் அநாதை. தனி ஜாடிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தபோது அவருக்கு ஒரு யோசனை. அதே உயரத்தில் ஓர் எவர்சில்வர் பாத்திரத்தைத் தட்டின் மேல் வைத்து மெஷினைப் போட்டார். கூடையின் வால்வு, ஜாடியின் மூடி மேலே முட்டி அழுத்தினால்தான் திறக்கும் என்பது அவருக்கு நினைவில்லை. நாலு வருடமாகக் காபி திருடப் பயன்படுத்திய வால்வு! தண்ணீர் மேலிருந்து வந்துகொண்டே இருந்தது, கீழே ஒரு சொட்டு இறங்கவில்லை. கூடை நிரம்பி, தூளும் காபியுமாகப் பொங்கி மெஷினின் முகத்தில் வழிந்து, மேடை தாண்டி, கரண்டிகள் வைத்திருக்கும் இழுப்பறைக்குள் போயிற்று. நான் வந்து பிளக்கைப் பிடுங்கும்போது அவர் கையில் குவளையோடு நின்றிருந்தார்.

ஒன்பது நாள் கூடையை மட்டும் தனியாகக் கழற்றி, வால்வுக்கு அடியில் ஒரு சின்னக் கட்டையைச் செருகி, கெட்டிலில் கொதித்த தண்ணீரைக் கையால் ஊற்றி வடித்தோம். காபி மெஷின் போடுவதைவிட நன்றாகவே இருந்தது. அம்மா கவனித்தாள், சொல்லவும் செய்தாள். ஆனால் ஒன்பது நாளும் ஐந்தரைக்கு எழுந்து கெட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். பத்தாம் நாள் ஜாடி வந்தது.

புது ஜாடியும் அதே அளவு, அதே மூடி. மூக்கு மட்டும் கொஞ்சம் கூர்மையாக, கீழ்நோக்கி வளைந்திருந்தது. எந்த வருடம் எந்தப் புண்ணியவான் மாற்றினானோ. முதல் குவளையை ஊற்றினேன், வழியவில்லை. வேண்டுமென்றே மெதுவாக இரண்டாவதை ஊற்றினேன், அப்போதும் வழியவில்லை. இடது கையில் துணியைப் பிடித்தபடியே நின்றிருந்தேன்.